அடிபட்ட மான் எல்லை தாண்டி வந்தால்

மிச்சிகனில் ஊருக்கு வெளியே, வீட்டோடு சேர்த்து இருபது ஏக்கர் வாங்கிக் குடியேறியிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பக்கத்து நிலத்துக்காரர் வேட்டைக்குப் போகிறவர். தான் சுட்ட மான் அடிபட்டு ஓடி எங்கள் காட்டுக்குள் விழுந்தால், உள்ளே வந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் சைவம். சரி என்று சொன்னால் அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு வந்துவிடுமே என்கிறார் மாமியார். அந்த மனிதர் நம் நிலத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் நம் மேல் வழக்குப் போடுவாரே என்கிறார் கணவர். முடியாது என்று சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறதா?"

உரிமை இருக்கிறது. இருந்தும் சரி என்று சொல்லுங்கள் என்பதே என் ஆலோசனை. வேலி ஓரத்தில் நின்று கையசைத்துச் சொல்கிற 'சரி' போதாது. சீசன் தொடங்கும் முன்பே ஒரு தாளில் நிபந்தனைகளை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வளர்ந்த நமக்கு வேட்டை என்றாலே குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வளர்ந்தவர்கள் நாம். இங்கே அது உரிமம் வாங்கி, அரசு குறித்த நாட்களில், அரசு குறித்த எண்ணிக்கையில் நடக்கும் கிராமத்து வழக்கம். அதைப் பிடிக்காமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் நடப்பதை நீங்கள் நிறுத்த முடியாது. இந்தப் பக்கம் வந்து விழுந்த பிறகு என்ன செய்வது என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் சட்டம். அமெரிக்காவில் காட்டு விலங்கு நிலத்துக்காரரின் சொத்து கிடையாது. மக்களுக்காக மாநில அரசு அதைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. உங்கள் ஆப்பிள் மரத்தடியில் தினமும் வந்து மேய்ந்தாலும் அது உங்கள் மான் ஆகிவிடாது. நிலமோ முழுக்க உங்களுடையது. இந்த இரண்டு உரிமைகளும் உரசும் இடம்தான் எல்லைக்கோடு.

உரசல் பழையது. 1805-இல் நியூயார்க்கின் அன்றைய உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நரி வழக்கு வந்தது. லாங் ஐலண்டில் போஸ்ட் என்பவர் நாய்களோடு ஒரு நரியைத் துரத்திக்கொண்டு வர, பியர்சன் என்பவர் நடுவில் புகுந்து அதைக் கொன்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். துரத்தினதால் மட்டும் நரி போஸ்ட்டுக்குச் சொந்தமாகிவிடாது என்று தீர்ப்பானது. பிழைக்க முடியாதபடி காயப்படுத்தி, விடாமல் பின்தொடர்ந்திருந்தால் நிலைமை வேறு என்ற கருத்தும் அதே தீர்ப்பில் இருக்கிறது. சட்டக் கல்லூரிகளில் சொத்துரிமைப் பாடத்தில் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். சில வேட்டைக்காரர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துச் சொல்வார்கள். மயங்க வேண்டாம். அது ஆளில்லாத தரிசு நிலத்தில் நடந்தது. அடுத்தவர் நிலத்துக்குள் கேட்காமல் நுழையும் உரிமையை அந்தத் தீர்ப்பு யாருக்கும் கொடுக்கவில்லை.

நுழைவதைப் பற்றிய விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் காயம்பட்ட விலங்கைத் துரத்திக்கொண்டு எல்லை தாண்ட நிலத்துக்காரரின் சம்மதம் கட்டாயம். ஒஹையோவில் தனியார் நிலத்தில் வேட்டைக்கு எழுத்துபூர்வமான அனுமதியே வேண்டும். உங்கள் மிச்சிகனில் வேலி போட்ட நிலம், அறிவிப்புப் பலகை வைத்த நிலம், பண்ணை நிலம், பண்ணையை ஒட்டிய காடு எதிலும் சம்மதம் இல்லாமல் வேட்டைக்காக நுழையக் கூடாது. வேட்டை நாய் வழிதவறி உள்ளே வந்துவிட்டால் மட்டும், முன்பே நீங்கள் வரக் கூடாது என்று சொல்லியிருக்காத பட்சத்தில், ஆயுதம் இல்லாமல் நடந்து வந்து நாயை அழைத்துப் போகலாம். மானுக்கு அந்தச் சலுகை கிடையாது.

தலைகீழான மாநிலங்களும் உண்டு. அயோவாவில் சட்டப்படி சுட்ட விலங்கைத் தேடி ஆயுதமில்லாமல் அடுத்தவர் நிலத்துக்குள் போவது அத்துமீறலில் சேராது. மினசோட்டாவில் அறிவிப்புப் பலகை இல்லாத நிலமாக இருந்தால் அடிபட்ட விலங்கை எடுக்க நடந்து உள்ளே போகலாம். எடுத்ததும் வெளியேற வேண்டும். வேறு மாநிலத்தில் நிலம் வைத்திருக்கும் வாசகர்கள் அங்குள்ள வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் விதிப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள். இலவசம்தான். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் சட்டத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

மிச்சிகனில், ஆக, கதவை அடைக்கும் உரிமை உங்களுக்குத்தான். அடைத்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். அதற்கு அடிபட்ட மான் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டும்.

வெள்ளைவால் மான் சுட்ட இடத்திலேயே விழுவது எப்போதும் நடப்பதில்லை. இரண்டு நுரையீரலையும் அம்பு துளைத்துப் போனாலும் சில நூறு அடி ஓடிய பிறகே விழும். அவர் நிலமும் உங்களுடையதைப் போல் இருபது ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 930 அடிதான். நிலத்தின் நடுவில் நின்று, ஒரு குறையும் இல்லாமல் எய்தவரின் மான்கூட எல்லை தாண்டி வந்து விழ வாய்ப்பு அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருப்பது அவருடைய கவனக்குறைவின் அடையாளம் இல்லை. முன்கூட்டியே வந்து கேட்கிறார் என்றால் பொறுப்பான ஆள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

எங்கே அடிபட்டது என்பதை ரத்தம் சொல்லும். உதிர்ந்த மேப்பிள் இலைகளின் மேல் பளிச்சென்ற சிவப்பில், சின்னச் சின்ன நுரைக் குமிழிகளோடு ரத்தம் கிடந்தால் நுரையீரல். அரை மணி நேரம் பொறுத்துவிட்டுத் தடத்தைப் பிடிக்கலாம். மான் அதற்குள் இறந்திருக்கும். கறுத்த சிவப்பாக, நுரையில்லாமல் இருந்தால் ஈரல். மூன்று நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ரத்தம் குறைவாக, பச்சையோ பழுப்போ கலந்து, நாற்றத்தோடு இருந்தால் வயிறு. அதுதான் எல்லோருக்கும் கெட்ட செய்தி. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை அந்தப் பக்கமே போகக் கூடாது. வயிற்றில் அடிபட்ட மானை யாரும் விரட்டாவிட்டால் பக்கத்திலேயே ஒரு புதரிலோ ஓடைக்கரையிலோ படுத்து, அங்கேயே இறந்துவிடும். அவசரப்பட்டுத் தேடிப் போனால் எழுந்து ஓடும். ரத்தமும் நின்றுபோயிருக்கும், தடமும் கிடைக்காது. மறுநாள் முழுக்க வேதனையோடு அலையும்.

இதெல்லாம் வேட்டைக்காரர் படிக்க வேண்டிய பாடம், நமக்கு எதற்கு என்று தோன்றலாம். நிலத்துக்காரருக்கும் இது தேவை. இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டி "இப்போதே உள்ளே போகணும்" என்று பதறி நிற்கும் மனிதரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எங்கே அடிபட்டது, ரத்தம் என்ன நிறம்?" என்பதுதான். வயிற்றில் என்று சொன்னால், "காலையில் வாருங்கள், நானே வழி காட்டுகிறேன்" என்று சொல்வதே அந்த மானுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. உண்மையான வேட்டைக்காரர் அதை உடனே ஒப்புக்கொள்வார். ஒரு விதிவிலக்கு உண்டு. இரவில் வெப்பநிலை 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது 4 செல்சியஸுக்கு மேல் இருந்தால் இறைச்சி சீக்கிரம் கெடத் தொடங்கும். அக்டோபர் மாத வில் வேட்டையில் இது அடிக்கடி வரும் சங்கடம். ஓநாயின் சிறிய உறவான கயோட்டிகள் நிறைந்த பகுதி என்றால் காலைக்குள் அவை முடித்துவிடும் ஆபத்தும் உண்டு. அப்போது அவர் நான்கைந்து மணி நேரத்துக்குப் பிறகு இரவிலேயே தேடிப் பார்க்கக் கேட்டால் நியாயம் இருக்கிறது.

மாமியாருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அந்த மான் உங்கள் எல்லைக்கு வரும்போது அதன் விதி முடிவாகிவிட்டது. நீங்கள் மறுப்பதால் அது பிழைக்காது. புதருக்குள் கிடந்து, தாகத்தில், ஒரு இரவோ இரண்டு நாளோ எடுத்துச் சாகும். கயோட்டிகள் வந்தால் உயிர் போவதற்கு முன்பே தொடங்கிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. வேட்டை உரிமத்தோடு வரும் டேக் என்ற சீட்டை, எடுத்த மானின் மேல்தான் கட்ட வேண்டும். மான் கைக்குக் கிடைக்கவில்லை என்றால் சீட்டு அவரிடமே இருக்கும். மனசாட்சி உள்ள சிலர் அத்தோடு அந்த ஆண்டு வேட்டையை நிறுத்திக்கொள்வார்கள். மற்றவர்கள் மறுநாள் போய் இன்னொரு மானைச் சுடுவார்கள். நீங்கள் மறுத்தால் ஒரு மானுக்குப் பதில் இரண்டு மான் சாகக்கூடும். ஜீவகாருண்யம் என்று பார்த்தால் அனுமதி கொடுப்பதுதான் அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. நான் இதை வாதத்துக்காகச் சொல்லவில்லை, நம்பிச் சொல்கிறேன்.

இனி அந்தத் தாள். ஜெர்மனியில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். அடிபட்ட விலங்கு பக்கத்து வேட்டைப் பகுதிக்குள் போனால், இரு தரப்புக்கும் இடையே எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே பின்தொடரலாம் என்கிறது அந்நாட்டு வேட்டைச் சட்டம். நல்ல நேரத்தில், தெளிந்த மனதோடு பேசி எழுதிவைத்ததுதான் நடுராத்திரியில் கைகொடுக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். மிச்சிகனில் வாய்மொழிச் சம்மதமும் சட்டப்படி செல்லும். அதனால்தான் எழுதச் சொல்கிறேன். நீங்கள் சாதாரணமாகச் சொன்ன 'சரி', அவர் காதில் "இவர்கள் காட்டில் வேட்டையாடலாம்" என்று விழுந்துவிடக் கூடாது. அவருடைய மச்சான் காதில் அது எப்படி விழும் என்று யாருக்குத் தெரியும்?

ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பொருள் இப்படி இருக்கட்டும்:

"இந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அடுத்த ஆண்டு ஜனவரி 1 வரை, தங்கள் நிலத்தில் சட்டப்படி சுட்ட மான் அடிபட்டு என் நிலத்துக்குள் வந்தால், அதைத் தேடி எடுக்க மட்டும் தங்களுக்கு அனுமதி தருகிறேன். இது வேட்டையாடும் அனுமதி அல்ல. ஒவ்வொரு முறையும் நுழையும் முன் எனக்கு போன் செய்து, பதில் கிடைத்த பிறகே நுழைய வேண்டும். தங்களோடு ஒருவர் மட்டும் வரலாம். நடந்துதான் வர வேண்டும். துப்பாக்கியோ வில்லோ கொண்டுவரக் கூடாது. மான் உயிரோடு இருந்தால் எனக்குச் சொல்லி, நான் சம்மதித்த பிறகே அதை முடிக்க ஆயுதம் எடுத்துவரலாம். எப்போது வேண்டுமானாலும் இந்த அனுமதியை நான் திரும்பப் பெறலாம்."

கீழே இருவர் பெயர், போன் எண், கையெழுத்து, தேதி. பின்பக்கத்தில் உங்கள் நிலத்தின் படம். கவுண்டி அலுவலகத்தின் இணையதளத்தில் மனை வரைபடம் கிடைக்கும். அதில் வீடு, கிணறு, நாய்க்கூண்டு, குழந்தைகள் விளையாடும் இடம், பழைய முள்கம்பி கிடக்கும் இடம் எல்லாவற்றையும் குறித்துவிடுங்கள். வீட்டுப் பக்கம் எந்தக் கோட்டைத் தாண்டி வரக் கூடாது என்று ஒரு கோடு போடுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக்கு வேறு தாள். ஒரே தாளைப் பத்து வருஷம் ஓட்டினால், காலப்போக்கில் அதை அவர் உரிமையாக நினைக்கத் தொடங்கிவிடுவார். நிலத்தை விற்கும்போது அதுவே தலைவலியாகும்.

ஆயுதம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தேடப்போகிறவர் கையில் துப்பாக்கி இருந்தால், பார்க்கிறவர்களுக்கு அவர் வேட்டையாடுகிறவர்தான். வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரியான கேம் வார்டனுக்கும் அப்படித்தான் தெரியும். மிச்சிகனில் இவர்களைக் கன்சர்வேஷன் ஆபீசர் என்பார்கள். இருட்டில் விளக்கும் துப்பாக்கியுமாகக் காட்டுக்குள் திரிந்தால் கள்ள வேட்டை என்ற சந்தேகமே முதலில் வரும். இரவுத் தேடலுக்கு முன் அவரே அதிகாரிக்கு ஒரு போன் செய்து சொல்லிவிடட்டும். இரு தரப்புக்கும் நல்லது. மான் உயிரோடு கிடந்து, முடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால் மறுக்காதீர்கள். ஆனால் அது அந்த நேரத்தில், அந்த மானுக்கு மட்டும், எந்தத் திசையில் குண்டு போகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுக்கும் சம்மதமாக இருக்கட்டும். மிச்சிகனில் ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 450 அடிக்குள் வீட்டுக்காரர் அனுமதியில்லாமல் வேட்டை ஆயுதத்தைப் பயன்படுத்தக் கூடாது. அந்த அனுமதியை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

வண்டி வேண்டாம் என்று எழுதச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. நாலு சக்கர மோட்டார் வண்டி ஈர நிலத்தில் ஒருமுறை போனால் அந்தத் தடம் வசந்த காலம் வரை அழியாது. வளர்ந்த ஆண் மான் 150 பவுண்டுக்கு மேல் இருக்கும் என்பது உண்மைதான். இரண்டு பேர் சேர்ந்து பிளாஸ்டிக் சறுக்குப் பலகையிலோ இருசக்கரத் தள்ளுவண்டியிலோ இழுத்துவிடலாம். பல வேட்டைக்காரர்கள் அதை வைத்திருப்பார்கள். குடலை எடுத்துச் சுத்தம் செய்வதைத் தன் நிலத்துக்குக் கொண்டுபோய்ச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நடக்கப் போகும் பாதையில் குடல் குவியல் கிடக்க வேண்டாம். மான்களுக்கு வரும் உடல் நலிவு நோய் 2015-இல் மிச்சிகன் காட்டு மான்களிலும் கண்டறியப்பட்டது. அந்த வகையில் பார்த்தாலும் மிச்சங்கள் உங்கள் மண்ணில் விழாமல் இருப்பது மேல்.

தாளில் தேடும் நாய்க்கும் ஓர் இடம் வேண்டும். அது என்ன என்று பலருக்குத் தெரியாது. காயம்பட்ட மானின் தடத்தை மோப்பம் பிடிக்கவென்றே பழக்கிய நாய்கள் இங்கே உண்டு. கம்பி முடி டாக்ஷண்ட், பவேரிய மலை நாய் போன்றவை இதில் பேர்பெற்றவை. நீண்ட கயிற்றில் கட்டியே கொண்டுவருவார்கள். மனிதக் கண்ணுக்கு ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியாத இடத்தில் நாய் தலையைத் தாழ்த்தி, இலைச் சருகை மூக்கால் ஒதுக்கி, நேராகப் புதருக்குக் கூட்டிப்போவதைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். பென்சில்வேனியாவில் 2018-இல்தான் இதற்குச் சட்டம் இடம் கொடுத்தது. நியூயார்க்கில் இதற்குத் தனி உரிமம் வேண்டும். டெக்சாஸின் பெரும்பாலான பகுதிகளில் இரண்டு நாய்கள் வரை அனுமதி உண்டு. யுனைடெட் பிளட் டிராக்கர்ஸ் என்ற அமைப்பு மாநிலவாரியாக நாய்க்காரர்களின் பட்டியல் வைத்திருக்கிறது. உங்கள் தாளில் "கயிற்றில் கட்டிய தேடும் நாயும் அதன் பயிற்சியாளரும் வரலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பத்துப் பேர் கைகோத்து உங்கள் காட்டை உழுவதைவிட ஒரு நாய் வந்து அரை மணியில் முடித்துவிட்டுப் போவது எவ்வளவோ மேல்.

அடுத்து, கணவரின் பயம். விழுந்து காலை ஒடித்தால்? பொழுதுபோக்குக்காக நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளரைப் பாதுகாக்கும் சட்டம் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. பென்சில்வேனியாவின் சட்டம் 1966-இலிருந்து இருக்கிறது. மிச்சிகன் சட்டப்படி, பணம் எதுவும் வாங்காமல் வேட்டை போன்றவற்றுக்கு நிலத்தில் விட்டால், உங்கள் தரப்பில் மிக மோசமான அலட்சியமோ வேண்டுமென்றே செய்த கேடோ இருந்தால் தவிர, அங்கே நேரும் காயத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. இதில் உயிர்நாடியான வார்த்தை "பணம் வாங்காமல்". நூறு டாலர் வாங்கிவிட்டீர்கள் என்றால் அந்தக் கவசம் கழன்றுவிடக்கூடும். ஆகவே காசு வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மூடாத பழைய கிணறு, மின்வேலி போல் உங்களுக்குத் தெரிந்த ஆபத்து எதுவும் இருந்தால் படத்தில் குறித்து, வாயாலும் சொல்லிவிடுங்கள். வீட்டுக் காப்பீட்டு முகவரிடமும் இப்படி ஒரு அனுமதி கொடுக்கப்போகிறேன் என்று கேட்டுவைப்பது நல்லது.

நன்றிக்குப் பதிலாக ஒரு பொட்டலம் இறைச்சி தருவது இங்கே வழக்கம். வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "எங்களுக்கு வேண்டாம், உணவு வங்கிக்குக் கொடுங்கள்" என்று சொன்னால் சந்தோஷப்படுவார்கள். மிச்சிகன் ஸ்போர்ட்ஸ்மென் அகெய்ன்ஸ்ட் ஹங்கர் போன்ற அமைப்புகள் மான் இறைச்சியை வாங்கி ஏழைகளுக்குச் சேர்க்கின்றன.

எல்லாப் பக்கத்து வீட்டுக்காரரும் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அடிபட்ட மானைத் தேடுகிறேன் என்ற பெயரில் உங்கள் காட்டில் மானை விரட்டித் தன் பக்கம் ஓட்டுகிறவர்கள் உண்டு. சோதிக்க எளிய வழி இருக்கிறது. "முதல் ரத்தம் எங்கே?" என்று கேளுங்கள். அவர் நிலத்தில், மான் அடிபட்ட இடத்தில் ரத்தமோ, வெட்டுண்ட முடியோ, அம்போ இருக்க வேண்டும். அங்கிருந்து எல்லை வரை தடம் தொடர வேண்டும். நல்ல வேட்டைக்காரர் ஒவ்வொரு ரத்தத் துளிக்கும் பக்கத்தில் ஆரஞ்சு நாடாவோ ஒரு துண்டு டாய்லெட் காகிதமோ போட்டுக்கொண்டே வருவார். அந்த வரிசை எல்லையில் வந்து நிற்கும். அவரோடு போய் அதைப் பாருங்கள். போகும்போது நீங்களும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வேட்டைக் காலத்தில் உங்கள் சொந்த நிலத்திலும் அது இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தடமே இல்லை என்றால் தேடலும் இல்லை.

இன்னொரு அறிகுறி அவருடைய பரண். மரத்தில் கட்டிய அந்தப் பரண் எல்லையை ஒட்டி, உங்கள் பக்கம் பார்த்தபடி இருந்தால் அவர் எந்த மானைக் குறி வைக்கிறார் என்று சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்துப் போடும் முன் அதை ஐம்பது கெஜமாவது உள்ளே தள்ளச் சொல்லுங்கள். ஒரே சீசனில் மூன்றாவது முறையும் மான் எல்லை தாண்டுகிறது என்றால், குறி பார்ப்பதில் ஏதோ கோளாறு என்று நேராகச் சொல்லி அனுமதியை நிறுத்தி வையுங்கள். நம்பிக்கை முழுக்கப் போய்விட்டால் அதிகாரியை அழையுங்கள். உங்களுக்கும் அவருக்கும் நடுவில் நின்று பேச அவரால் முடியும். உங்களைக் கட்டாயப்படுத்தி அனுமதி வாங்க முடியாது.

உங்கள் நிலத்தை வேறு யாருக்காவது வேட்டைக் குத்தகைக்கு விட்டிருந்தால் அவரையும் கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். குத்தகைத் தாளில் அந்த உரிமை அவருக்குப் போயிருக்கக்கூடும்.

வேட்டைக்குப் போகும் தமிழர்களும் இப்போது இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. மான் எல்லை தாண்டியதும் நில்லுங்கள். கடைசி ரத்தத்தில் நாடாவைக் கட்டுங்கள். துப்பாக்கியைக் காலி செய்து வண்டியில் வைத்துப் பூட்டுங்கள். உருமறைப்புச் சட்டையோடும் கையில் ரத்தத்தோடும் போய்க் கதவைத் தட்டாதீர்கள். கை கழுவி, ஒரு சாதாரண மேல்சட்டை போட்டுக்கொண்டு போங்கள். வீட்டில் யாரும் இல்லை என்றால் நுழையாதீர்கள். நில எல்லையும் உரிமையாளர் பெயரும் காட்டும் ஆன்எக்ஸ் போன்ற போன் செயலியில் யாருடையது என்று பார்த்து, எண் தேடிப் பிடியுங்கள். கிடைக்கவில்லையா, அதிகாரியை அழையுங்கள். மறுத்துவிட்டால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள். டெக்சாஸ், பென்சில்வேனியா உட்பட பல மாநிலங்களில் மரத்தில் ஊதா நிறக் கோடு போட்டிருந்தால் அதுவும் 'உள்ளே வராதே' என்ற பலகைக்குச் சமம். கோட்டைப் பார்த்தேன், அர்த்தம் தெரியவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

வாசகிக்கு மீண்டும். மிச்சிகனில் வில் வேட்டை அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. துப்பாக்கி சீசன் நவம்பர் 15 முதல் 30 வரை. செப்டம்பர் முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதரை வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்து, தாளையும் படத்தையும் மேசை மேல் வைத்துப் பேசிவிடுங்கள். எல்லையை இருவரும் சேர்ந்து ஒருமுறை நடந்தும் பார்த்துவிடுங்கள். மற்ற மூன்று பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் இதே தாளைக் கொடுங்கள்.